பக்கீர் மைதீன் நின்ற இடங்கள்

மும்பை தாராவியில் காலாக்கில்லா பக்கம் ஆட்டுத்தோலுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்த பக்கீர் மைதீன், மகன் கல்யாணம் முடிந்த பதினேழாம் நாள் காலையில், அயர்லாந்து நாட்டின் நடுவாந்திரத்தில் இடிந்து கிடக்கும் ஒரு மடாலயத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டை, பச்சைக்கரை போட்ட சாரம், தலையில் வலைத்தொப்பி எல்லாம் அப்படியே இருந்தன. காலில் மட்டும் செருப்பு இல்லை. அவருக்குப் பாஸ்போர்ட் கிடையாது. விமானத்தைக் குர்லாவுக்கு மேலே தாழ்ந்து இறங்கும்போது அண்ணாந்து பார்த்ததோடு சரி. அவரை அங்கே முதலில் அடையாளம் கண்டவன் அவருடைய மகன் ஜஹாங்கீர். கண்டதும், புது மனைவி ரஷீதா டீயோடு ஏணிப்படி ஏறிவரும் சத்தம் கேட்டு, அவரை அழித்துவிட்டான்.

அழிப்பதுதான் ஜஹாங்கீரின் வேலை. அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊரில் நோரா என்று ஒரு அம்மாள் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். அந்த நாட்டு மலைகளையும், கூரை போன தேவாலயங்களையும், ஆள் விட்டுப்போன கல்வீடுகளையும், கோட்டைகளையும் படமெடுத்துக் காலண்டராகவும் தபால் அட்டையாகவும் போடுகிறவர். ஐந்து நிமிஷ வெயிலுக்காக மூன்று மணி நேரம் மழையில் நிற்பார். ஆனால் வெயில் வரும்போது மஞ்சள் மழைக்கோட்டு போட்ட சுற்றுலாக்காரன் எவனாவது குறுக்கே வந்துவிடுவான். இல்லையென்றால் ஒரு கார், ஒரு மின்கம்பி, ஒரு குப்பைத்தொட்டி. அந்தப் படங்களை அவர் இணையத்தில் தாராவிக்கு அனுப்பிவைப்பார். வீட்டு மேல்தட்டில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஜஹாங்கீர் அவற்றைச் சுத்தம் செய்வான். ஆறு வருஷமாக இதுதான். எந்தக் கோபுரத்தில் எத்தனையாவது கல் விழுந்திருக்கிறது என்பது அவனுக்கு மனப்பாடம். ஒரு ஆளை எடுத்துவிட்டு அந்த இடத்தைப் புல்லாலோ கல்லாலோ நிரப்ப அவனுக்கு நாலு நிமிஷம் போதும். எடுக்கிற ஆள் யார், எதற்காக அங்கே வந்தார் என்று அவன் பார்த்ததில்லை.

வாப்பாவைப் பொறுத்தவரை அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கூச்சம் இருந்தது. தேவ்நார் கசாப்புக்கூடத்திலிருந்து டெம்போவில் ஈரத்தோடு வந்து இறங்கும் தோல்களை விரித்து, கல்லுப்பைக் கைகொண்டு தேய்த்து, மடித்து அடுக்குவது பக்கீர் மைதீனின் வேலை. இருபத்தாறு வருஷம் தேய்த்ததில் அவர் உள்ளங்கை வெடித்து, வெடிப்புக்குள் உப்பு வெள்ளைக் கோடாக நிரந்தரமாகத் தங்கிவிட்டது. எத்தனை தடவை குளித்தாலும் வாடை போகாது. ஏழாம் வகுப்பில் பெற்றோரைக் கூப்பிட்டபோது, ஒன்பது மணிக்கு நடக்க இருந்த கூட்டத்தைப் பதினொன்று என்று ஜஹாங்கீர் வீட்டில் சொன்னான். அவர் பதினொன்றுக்குப் போய், பூட்டிய வகுப்பறைக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. உம்மா இறந்த பிறகு சோறும் அவரே பொங்கினார். செம்பூரில் அப்ரார் என்கிற பேங்க் குமாஸ்தாவின் வீட்டில் பெண் பேசப் போனபோது, வாப்பாவுக்கு என்ன தொழில் என்று மாப்பிள்ளையைக் கேட்டார்கள். "லெதர் எக்ஸ்போர்ட்" என்றான் ஜஹாங்கீர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பக்கீர் மைதீன் சிரித்த முகத்தோடு தலையை ஆட்டினார்.

கல்யாணத்தன்று அவர் விடியற்காலையிலேயே மூன்று முறை சோப்புப் போட்டுக் குளித்து, எலுமிச்சம்பழத்தை வெட்டிக் கை முழுக்கத் தேய்த்து, அத்தரும் பூசிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார். எல்லோரும் சேர்ந்து படம் பிடிக்கும்போது, தன்னுடைய வாடை யார்மேலும் பட்டுவிடக் கூடாது என்று இடது ஓரத்தில் ஒரு கை தூரம் தள்ளியே நின்றார். விளக்கு பளிச்சென்று அடித்தபோது கண் கூசி வலது கையைத் தூக்கிவிட்டார். அதனால் படத்தில் அந்தக் கை, வெடிப்போடும் வெள்ளைக் கோடுகளோடும் துல்லியமாக விழுந்தது. பெரிதாக ஒரு பிரதி போட்டு செம்பூர் வீட்டு ஹாலில் மாட்ட வேண்டும் என்று மாமனார் ஆசைப்பட்டார். "கலர் சரி பண்ணித் தர்றேன் மாமா" என்று ஜஹாங்கீர் படத்தை வாங்கிவந்தான். முதலில் கையை மட்டும் எடுக்கலாம் என்றுதான் நினைத்தான். கை போன பிறகு ஆள் ஒரு மாதிரி இருந்ததால் ஆளையும் எடுத்தான். அந்த இடத்தைச் சிவப்புத் திரைச்சீலையால், மடிப்புகூடப் பிசகாமல் நிரப்பினான். நாலு நிமிஷம் ஆனது. பழைய படம் யார் கண்ணிலும் பட வேண்டாமென்று அதையும் அழித்தான். மறுநாள் காலையில் வாசலில் வாப்பாவின் செருப்பு இருந்தது. பாய் சுருட்டி வைத்திருந்தது. அவர் இல்லை.

சொந்த ஊரான கடையநல்லூருக்குப் போயிருக்கிறார் என்று ஜஹாங்கீர் ரஷீதாவிடம் சொன்னான். முதல் வாரம் அதை அவனும் நம்பினான். பதினேழாம் நாள் மடாலயத்து வாசலில் அவரைப் பார்த்து அழித்த பிறகும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். உப்புக் குடோனில் பக்கீர் மைதீனோடு இருபது வருஷமாக எதிரெதிரே உட்கார்ந்து தோல் மடித்த இசக்கிப்பாண்டி ஒரு நாள் வந்து கதவைத் தட்டினார்.

"ஏல ஜஹாங்கீரு, மைதீன் பாய் எங்கடே? கடையநல்லூர்க்காரன் ஒருத்தன் நம்பர வாங்கிப் போன் போட்டேன். அங்க வரவே இல்லன்னு சொல்லுதான்."

"ஜமாத்தோட ஊர் ஊராப் போயிருக்காவ மாமா. நாப்பது நாள்."

"எங்கிட்டச் சொல்லாமலா?"

"அவசரமாக் கெளம்பிட்டாவ."

இசக்கிப்பாண்டி வாசலில் கிடந்த செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெறுங்காலோடயா கெளம்புனாவ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். நாற்பது நாள் முடிந்ததும் நாகூர் தர்கா என்றான் ஜஹாங்கீர். நாகூருக்குப் பிறகு அஜ்மீர். பொய்க்கு ஊர்கள் தீர்ந்துகொண்டே வந்தன.

அயர்லாந்தில் ஊர்கள் தீரவில்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை நோரா அனுப்பும் படங்களில் ஏதாவது ஒன்றில் பக்கீர் மைதீன் இருந்தார். கூரை இல்லாத தேவாலயத்துக்குள்ளே, கல்லறைகளுக்கு நடுவில், தொழுகைக்குத் திசை தேடுகிறவர் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஆற்றோரக் கோட்டையில் சாரத்தை மடித்துக் கட்டி மழைக்கு ஒதுங்கியிருந்தார். பஞ்சத்தில் சனங்கள் விட்டுப்போன ஒரு கல்வீட்டில், அடுப்பு இருந்த இடத்தில் குந்தியிருந்தார். ஆடுகள் எப்போதும் அவரைச் சுற்றி நின்றன. அவர் ஒன்றின் முதுகில் கையை வைத்திருந்தார். உயிருள்ள ஆட்டை அவர் தொட்டு ஜஹாங்கீர் பார்த்தது அப்போதுதான். எந்தப் படத்திலும் அவர் நடுவில் நிற்கவில்லை. ஓரத்தில், ஒரு கை தூரம் தள்ளியே நின்றார். நோராவின் குறிப்பும் கூடவே வரும். படமெடுக்கும்போது அங்கே ஒருத்தரும் இல்லை, லென்ஸைத் துடைத்துப் பார்த்தேன், மாற்றியும் பார்த்தேன், தயவுசெய்து அந்த ஆளை எடுத்துவிடவும். ஜஹாங்கீர் எடுத்துவிடுவான். முதல் தடவை பயத்தில் எடுத்தான். இரண்டாம் தடவை, இது வாப்பா இல்லை, வாப்பா சாயலில் யாரோ என்று சொல்லிக்கொண்டு எடுத்தான். ஐந்தாம் தடவைக்குப் பிறகு ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. முகத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல், காலிலிருந்து தொடங்கி மேலே போவான். அன்றைக்கெல்லாம் சோறு இறங்காது. ரஷீதா கேட்டால் வயிறு சரியில்லை என்பான்.

பதினோரு தடவை அழித்த பிறகு செப்டம்பர் மாதத்தில் பன்னிரண்டாவது வந்தது. கடலோரச் செங்குத்துப் பாறையின் நுனியில், பாதி சரிந்த ஒரு காவல் கோபுரம். அதன் நிழலில் பக்கீர் மைதீன் நின்றுகொண்டிருந்தார். தாடி நீண்டிருந்தது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அவர் குதிகாலுக்கு அந்தப் பக்கம் புல் இல்லை, கடல்தான். நோரா எழுதியிருந்தார்: இதுதான் வருகிற வருஷக் காலண்டரின் அட்டை, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, உனக்கு நேரமில்லையென்றால் அம்பர்நாத்தில் இன்னொரு பையன் இருக்கிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். ஜஹாங்கீர் முதன்முறையாக அந்த நாட்டின் வரைபடத்தை எடுத்து, வாப்பாவை அழித்த இடங்களை ஒவ்வொன்றாகக் குறித்தான். நடுநாட்டு மடாலயத்திலிருந்து ஒவ்வொரு அழிப்புக்கும் அவர் மேற்கே தள்ளிப் போயிருந்தார். பதினோரு புள்ளிகளும் ஒரே கோடாக இருந்தன. கோடு பாறை நுனிக்கு வந்து நின்றது. இனி ஒரு தடவை தள்ளினால் அவர் போய் நிற்கத் தரை இல்லை.

காய வைத்த துணியை எடுக்க மேல்தட்டுக்கு வந்த ரஷீதா அவன் தோளுக்கு மேலே குனிந்து திரையைப் பார்த்தாள்.

"அரே, இது மாமாதானே?"

அவன் திரையின் வெளிச்சத்தைக் குறைத்தான்.

"அஜ்மீர்ல இருக்காங்கன்னு சொன்னீங்க. இது எந்த இடம்? சட்டையெல்லாம் நனஞ்சிருக்கு. யாரு எடுத்தா இத?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். மண்டபம், கை, திரைச்சீலை, பதினோரு தடவை, எதையும் விடவில்லை. சொல்லும்போது திரையைத்தான் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை. அவள் துணியை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள். மாமா அயர்லாந்துக்கு எப்படிப் போனார் என்பதை அவள் கேட்கவே இல்லை. கேட்டது வேறு.

"யாருக்குப் பயந்து எடுத்தீங்க?"

"உங்க வீட்ல… உங்க வாப்பா பேங்க்ல இருக்காவ. நாலு பெரிய ஆள் வந்துபோற வீடு."

"எங்க வாப்பாவுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"பொண்ணு கேட்டு வர்றதுக்கு முன்னாடியே எங்க வாப்பா ஆட்டோ புடிச்சு உங்க குடோனுக்குப் போனாங்க. மாப்பிள்ள வீட்ட விசாரிக்க வேணாமா? உப்பு மூட்டை மேல உக்காந்து மாமாகூட டீ குடிச்சிருக்காங்க. வந்து உம்மாகிட்டச் சொன்னாங்க, அந்த மனுசனப் பாத்துதான் பொண்ணு குடுக்கறேன்னு. நீங்க எக்ஸ்போர்ட்னு சொன்னப்ப நாங்க எல்லாரும் சும்மா இருந்தோம். மாமாதான் கேட்டுக்கிட்டாங்க. பையன் என்ன சொன்னாலும் மறுத்துப் பேசிறாதீங்க, அவன் மொகம் வாடிரும்னு."

ஜஹாங்கீரின் உடம்பெல்லாம் கொதித்தது. காது மடல் சுட்டது. எழுந்து ஓடிவிடலாம் என்று பார்த்தால் மேல்தட்டில் நிமிர இடமில்லை. கூனிக்கொண்டே ஏணிக்கும் மேசைக்குமாக இரண்டு தடவை நடந்துவிட்டு, திரும்ப உட்கார்ந்து நோராவுக்கு எழுதினான். அவனுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். அதனால் மறைத்துச் சொல்ல முடியவில்லை. இந்த ஆள் என் அப்பா. முதலில் அவரை என் கல்யாணப் படத்திலிருந்து நான் எடுத்தேன். பிறகு உங்கள் படங்களிலிருந்து பதினோரு முறை எடுத்தேன். இனி எடுக்க மாட்டேன். அம்பர்நாத் பையனிடமும் கொடுக்காதீர்கள், அவர் பின்னால் கடல் இருக்கிறது. வேலை போனால் போகட்டும்.

இரண்டு நாள் பதில் இல்லை. அந்த இரண்டு நாளும் அவன் கல்யாணப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வாப்பாவின் ரேஷன் கார்டுப் படத்திலிருந்து முகத்தை வெட்டித் திரைச்சீலைமேல் ஒட்டிப் பார்த்தான். ஒட்டும்போது இருக்கும். சேமித்துவிட்டுத் திறந்தால் திரைச்சீலைதான் இருக்கும், மடிப்புகூடப் பிசகாமல். மூன்றாம் நாள் நோரா எழுதினார். அந்தப் பாறைக்கு நேற்றும் இன்றும் போய்வந்தேன், என் கண்ணுக்கு யாரும் தெரியவில்லை, ஆனால் கோபுரத்துக்கு இடதுபுறம் ஒரு இடத்தைச் சுற்றியே ஆடுகள் நிற்கின்றன, விரட்டினாலும் போகவில்லை. அச்சகத்தில் ஒரு வாரம் தவணை வாங்கியிருக்கிறேன். என் கம்பளிச் சட்டை ஒன்றைச் சுவர்மேல் வைத்துவிட்டு வந்தேன். நாளை வெயில் வரும் என்கிறார்கள். அவரைச் சரியாக ஒரு படம் எடுக்கலாம் என்றிருக்கிறேன். அவர் எங்கே நிற்க வேண்டும்?

நடுவில், என்று ஜஹாங்கீர் எழுதினான்.

அப்படியானால் அதை நீயே அவரிடம் சொல், நான் சொன்னால் அவருக்குப் புரியாது, என்று பதில் வந்தது.

போனில் பேசிப் பதிவு செய்து அனுப்புவதென்று முடிவானது. வீட்டுக்குள் பேசினால் பக்கத்து வீட்டுத் தையல் மெஷின் சத்தம் விழுந்தது. வெளியே வந்தால் டெம்போக்காரன் ஹாரன் அடித்தான். நாலைந்து தடவை தொடங்கித் தொடங்கி நிறுத்தினான். கடைசியில் உப்புக் குடோனுக்குள்ளே போனான். பத்து வயதுக்குப் பிறகு அவன் அங்கே காலெடுத்து வைத்ததில்லை. தோல் மடித்துக்கொண்டிருந்த இசக்கிப்பாண்டி நிமிர்ந்து பார்த்தார். ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, அவர் காதுபடவே எல்லாவற்றையும் சொன்னான். இசக்கிப்பாண்டி கையில் இருந்த உப்பைக் கீழே போட்டுவிட்டு, மற்ற ஆட்களைப் பார்த்து, "ஏய், செத்த நேரம் எல்லாரும் வாய மூடுங்கடே. இவன் அவன் அப்பன்கிட்டப் பேசணும்" என்றார். குடோன் முழுக்க அமைதியானது. ஜஹாங்கீர் போனை வாயருகே பிடித்தான்.

"வாப்பா. நான் ஜஹாங்கீர். ஓரத்துல நிக்காதீங்க வாப்பா. நடுவுல வந்து நில்லுங்க."

வேறு நிறையச் சொல்ல இருந்தது. அதோடு பதிவை நிறுத்தினான். "கையப் பத்தி ஒண்ணும் சொல்லலியே" என்று இசக்கிப்பாண்டி கேட்டார். ஜஹாங்கீர் இன்னொரு முறை போனை எடுத்து, "கைய மறைக்க வேண்டாம்" என்றான்.

மறுநாள் அங்கே சாயங்காலம், இங்கே இருட்டிய பிறகு, படம் வந்தது. நோரா தன் போனை ஒரு கல்லின்மேல் வைத்து, சத்தத்தைக் கூட்டி, காலியாகக் கிடந்த புல்வெளியைப் பார்த்து அந்தக் குரலை மூன்று முறை போட்டிருக்கிறார். ஆடுகள் முதலில் விலகின, பிறகு கோபுரத்தின் முன்னால் வந்து கூடின, அப்போது எடுத்தேன் என்று எழுதியிருந்தார். கோபுரம் பின்னால் தள்ளியிருந்தது. கடல் அதற்கும் பின்னால். நடுவில் பக்கீர் மைதீன் நின்றுகொண்டிருந்தார். சாரத்துக்கு மேலே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்டிருந்தார், அது அவருக்குத் தோளில் கொஞ்சம் பெரிதாக இருந்தது. அவர் கேமராவைப் பார்க்கவில்லை. கல்லின்மேல் இருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் வெளியே தெரிந்தன. ஜஹாங்கீர் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். அதில் கோபம் இருந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்று நெடுநேரம் தேடினான். இல்லை. பூட்டிய வகுப்பறைக்கு வெளியே நின்றுவிட்டு வந்த அன்றைக்கு இருந்த அதே முகம்தான்.

காலண்டர் அந்த அட்டையோடுதான் வெளிவந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஊர்க்காரர்கள் சிலர் மட்டும் யார் அவர் என்று கேட்டார்கள், தோல் வேலைக்காரர் என்று நோரா சொன்னார். தாராவிக்கு அவர் நாற்பது பிரதி அனுப்பினார். உப்புக் குடோனில் ஒன்று தொங்கியது. இசக்கிப்பாண்டி அதைக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "அந்த ஆட்டுக்கு ரோமம் சாஸ்தி. உப்பு ரெண்டு பங்கு புடிக்கும்" என்றார். செம்பூரில் அப்ரார், மருமகனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கல்யாணப் படத்துக்கு இடது பக்கத்தில் ஆணி அடித்து அதை மாட்டினார். ஏதாவது திட்டியிருக்கலாம் என்று ஜஹாங்கீருக்கு இருந்தது. அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவன் ஹாலில் தலை குனிந்தே உட்கார்ந்தான். அவர்கள் வழக்கம்போலப் பிரியாணி பரிமாறினார்கள்.

நோரா கொடுத்துவந்த வேலை போகவில்லை. குப்பைத்தொட்டிகளையும் மின்கம்பிகளையும் ஜஹாங்கீர் இன்றும் எடுத்துக்கொண்டிருக்கிறான். ஆட்களை எடுக்க வேண்டியிருந்தால் முதலில் அவர்கள் முகத்தைப் பார்க்கிறான். பிறகு, இவரை இருக்க விடலாமா என்று நோராவுக்கு எழுதிக் கேட்கிறான். பாதிக்குப் பாதி அவர் சரி என்கிறார். வாப்பா திரும்பி வரவில்லை. காலாக்கில்லாவிலேயே இடிந்த கோட்டை ஒன்று இருக்கிறது, செடி முளைத்த கறுத்த சுவர், அதைச் சுற்றி வீடுகள். அங்கே வந்தாலும் வரலாம் என்று ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜஹாங்கீர் அதைப் படமெடுத்துப் பார்த்தான். காய்கிற துணிகளும் பூனைகளும்தான் விழுந்தன. பக்கீர் மைதீன் அந்தப் பாறையிலிருந்து மெல்ல மெல்லக் கிழக்கே வந்து, ஒரு பழைய மடத்தின் தோட்டத்தில் தங்கிவிட்டார். மாதம் ஒரு முறை நோரா அங்கே போய், ஜஹாங்கீர் புதிதாகப் பேசி அனுப்பியதைப் போட்டுக் காட்டி, ஒரு படம் எடுத்து அனுப்புகிறார். பேத்தி பிறந்ததைச் சொன்ன மாதம் அவர் தலைத்தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

போன மழைக்காலம் முடிந்து, வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க விஜயராணி என்கிற டீச்சர் காலாக்கில்லாவில் வீடு வீடாக வந்தார். அன்றைக்கு அப்ராரும் அவருடைய பேங்க் நண்பர்கள் இரண்டு பேரும் குழந்தையைப் பார்க்க வந்திருந்தார்கள். சின்ன வீடு, எல்லோரும் கட்டிலில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் வாசலில் நின்றபடியே தாளைப் புரட்டினார்.

"பக்கீர் மைதீன். இருக்காரா?"

"இருக்காவ. அயர்லாந்துல."

"வேலைக்குப் போயிருக்காரா?"

"இல்ல டீச்சர். நாந்தான் அனுப்பிட்டேன்."

"என்ன தொழில்னு போடட்டும்?"

ஜஹாங்கீருக்குக் கழுத்திலிருந்து சூடு ஏறியது. அது இன்னும் போகவில்லை, போகும் என்று அவன் எதிர்பார்க்கவும் இல்லை. கட்டிலில் இருந்தவர்கள் வாசல் பக்கம் திரும்பியிருந்தார்கள்.

"ஆட்டுத்தோலுக்கு உப்புப் போடுவாவ" என்றான், தேவைக்கு மேல் சத்தமாக. "இங்க இருந்த வரைக்கும். அங்க சும்மா நிக்காவ."

டீச்சர் எழுதிக்கொண்டார். "கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"போன செவ்வாக்கெழம. ஒடம்பு நல்லாயிருக்கு."

"அப்ப பேர எடுக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, விஜயராணி டீச்சர் பேனாவை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.